மேல்சரிவின் தண்ணீர்

குவாயாகில்,
9 மார்ச் 1994

அன்புள்ள அமாதோர் அண்ணனுக்கு,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ இருமல் இல்லாமல், நல்ல பசியோடு இருக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம். எனக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற வாரம் பெனாவிதெஸ் என்று ஒரு இன்ஜினியர் என் மகன் ரோமுலோவைத் தேடி வந்தார். மலையில் பைன் மரம் நட நிலம் கேட்கும் கம்பெனிக்காரர். அப்பா எனக்கு எழுதிவைத்த மேல்சரிவு வெறும் புல்லாகத்தானே கிடக்கிறது, அதில் நடலாம் என்கிறார். கன்றும் கூலியும் அவர்களுடையது. மரம் வெட்டும்போது பாதி எனக்கு. "அப்போ நான் எங்க இருப்பேன்?" என்று கேட்டேன். "பேரப்புள்ளைங்க இருப்பாங்கல்லம்மா" என்றார். "அதுங்களுக்கு மரம்னா கிறிஸ்துமஸுக்கு வெக்கிற பிளாஸ்டிக்குதான்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. கன்று நடுகிற வருஷம் முழுவதும் நிலத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் மாடு மேய்ந்துவிடும், யாராவது புல்லுக்குத் தீ வைத்துவிடுவார்கள். அப்படியென்றால் நான் அங்கே வந்து உன் வீட்டில் இருக்க வேண்டியிருக்கும். உனக்குத் தொந்தரவாக இருக்குமோ?

நீ ஆயுள் முழுவதும் மண் ஆபீஸில் வேலை பார்த்தவன். நடலாமா, கூடாதா? ஆகஸ்ட் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும்.

இஸ்திரி போடும் பலகையில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை,
ஸெனைதா

*

சுரபம்பா,
28 மார்ச் 1994

பிரியமுள்ள ஸெனைதாவுக்கு,

உன் கடிதம் பால் லாரியில் வந்து சேர்ந்தது. உன் சுகமும் வீட்டார் சுகமும் அறிந்து நிம்மதி. என் இருமல் காலைக் குளிரில் மட்டும் வருகிறது, கவலைப்படும்படி இல்லை.

நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். ஆபீஸில் நான் செய்தது வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுவதும் மற்றவர்களின் அறிக்கையில் பிழை பார்ப்பதும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் முடிவு எழுதியது எப்போதும் வேறு யாரோ.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். இந்த மலையில் எல்லாரும் நிலத்தை மேலிருந்து கீழாக நாடா நாடாவாகக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் புல், கொஞ்சம் வயல், கொஞ்சம் தண்ணீர் கிடைக்கும். அப்பா மட்டும் குறுக்கே வெட்டினார். நீ கலியாணமாகித் துறைமுகத்துக்குப் போய்விட்டவள், உழப்போகிறவள் இல்லை என்று மேல்பாதி உனக்கு. வீடும் வயலும் ஊற்றும் உள்ள கீழ்ப்பாதி எனக்கு. உன் புல்லின் மேல் விழுகிற மழைதான் என் ஊற்றில் வருகிறது. ஆகவே நான் என்ன பதில் சொன்னாலும் அதில் என் குடமும் கலந்திருக்கும். அவசரப்பட விரும்பவில்லை. அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

தொந்தரவு என்று எழுதியிருந்தாய். அப்படி ஒன்றும் இல்லை. வெயில் நன்றாக அடித்ததால் பெட்டியில் கிடந்த கம்பளிகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டேன். பூச்சி பிடிக்கக் கூடாது என்றுதான்.

எல்லாருக்கும் என் ஆசிகள்.

அமாதோர்

*

குவாயாகில்,
24 ஏப்ரல் 1994

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கண்டேன். நலம் என்றாய், நம்புகிறேன். இங்கேயும் நலம். வெக்கை மட்டும்தான்.

அளந்து பார்க்கப் போகிறாயா! சின்ன வயசில் சூப் சூடாக இருக்கிறதா என்று நீ விரலை விட்டுப் பார்ப்பாய், பிறகு கரண்டியில் பார்ப்பாய், பிறகு அம்மாவைக் கேட்பாய். அதற்குள் ஆறிப்போகும். நான் உன்னுடையதையும் சேர்த்துக் குடித்துவிடுவேன். ஆகஸ்டை ஆறவிட்டுவிடாதே.

பேத்திக்குப் பதினைந்து வயசு ஆகிவிட்டது. பெண் பிள்ளைக்குத் தனி அறை வேண்டும்தானே. "அத்தை, உங்களுக்கு ஹால்ல காத்து நல்லா வரும்" என்றாள் மருமகள் ஜாக்கெலின். "வருதும்மா, ஃபிரிட்ஜ் மூச்சும் சேந்து வருது" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நல்லதுதான். பேத்தி என்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். எனக்கு ஒரு குறையும் இல்லை.

மேல்சரிவில் இப்போதும் காற்றடித்தால் புல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்கிறதா? சும்மா கேட்டேன்.

ஸெனைதா

*

சுரபம்பா,
5 ஜூன் 1994

பிரியமுள்ள ஸெனைதாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கடவுள் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என நம்புகிறேன்.

மண்ணெண்ணெய் டின்களின் அடியையும் மூடியையும் வெட்டி எடுத்துவிட்டேன். ஒவ்வோரிடத்திலும் ஒரு டின்னைப் பாதி ஆழம் தரையில் அடித்து இறக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று பார்த்தேன். கைக்கடிகாரம் நின்றுவிட்டதால், அம்மா முட்டை வேகவைக்கும்போது செய்வதுபோல் விசுவாசப் பிரமாண ஜெபத்தைச் சொல்லி நேரம் கணக்கிட்டேன். இதை அவமரியாதையாக ஆண்டவர் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

முதலில் உன் மேல்சரிவுப் புல்லில். ஒரு பிரமாணம் முடிவதற்குள் தண்ணீர் போய்விட்டது. அந்தக் கறுப்பு மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஈரத்துணிபோல் சொட்டுகிறது. அது மழையை வாங்கி வைத்துக்கொண்டு, மழை இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது என்று தோன்றுகிறது.

அடுத்து என் உருளைக்கிழங்கு வயலில். வருஷா வருஷம் நான் கொத்திக் கிளறியதில் மண் வெளுத்திருக்கிறது. தண்ணீர் யோசித்து யோசித்து இறங்கியது.

கடைசியாக, பக்கத்தில் மாடு மேயும் மேட்டில். குளம்பு மிதித்து மிதித்துத் தரை கல் மாதிரி ஆகிவிட்டது. பிரமாணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன், ஜெபமாலைக்கும் போனேன். டின்னில் என் முகம் அப்படியே தெரிந்துகொண்டிருந்தது. அந்த மேட்டில் விழும் மழை மண்ணுக்குள் போகாமல் ஓடைக்கு ஓடிவிடுகிறது.

பைன் மரத்தடியில் இன்னும் பார்க்கவில்லை. மரத்தின் வேர் மண்ணை இளக்கும் என்றும் படித்திருக்கிறேன். ஒருவேளை தள்ளித் தள்ளி நட்டால் பெரிய கெடுதல் இல்லாமலும் இருக்கலாம். இப்போது எதையும் அடித்துச் சொல்வதற்கில்லை.

கிழக்குப் பக்கத்து அறையின் ஜன்னல் கதவு சரியாகச் சாத்துவதில்லை. அதைச் சரிசெய்து நீலம் பூசியிருக்கிறேன். பக்கத்து நிலத்து லாஸாரோ தினம் காலையில் கழுதையோடு என் ஊற்றில் தண்ணீர் எடுக்க வருவான். அவன் வரும்போதுதான் இங்கே ஒரு குரல் கேட்கும். ஜன்னலைப் பார்த்துவிட்டு, "என்ன அமாதோர் ஐயா, இந்த வயசுல யாரைக் கட்டிக்கிட்டு வரப்போறீங்க?" என்றான். மரம் உளுத்துப்போகாமல் இருக்கத்தான் என்றேன்.

புல் இன்னும் ஒரே பக்கமாகத்தான் படுக்கிறது.

அமாதோர்

*

குவாயாகில்,
26 ஜூன் 1994

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு முழங்கால் வலியே இல்லை. உனக்கும் உடம்பு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தள்ளித் தள்ளி நட்டால் கெடுதல் இல்லை என்று எழுதியிருக்கிறாய்! இதைத்தானே கேட்டேன். நீ "இருக்கலாம்" என்றால் மற்றவர்கள் சத்தியம் செய்கிற மாதிரி. ரோமுலோவிடம் சொல்லிவிட்டேன். சந்தையில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வாங்கினேன். கடைக்காரி, "இந்த வேக்காட்டுல இது யாருக்குத் தாயி?" என்றாள். "எனக்குத்தான், நான் ஐஸ் கம்பெனியில வேலைக்குச் சேந்திருக்கேன்" என்றேன்.

"அம்மா, அந்த உசரத்துல உனக்கு மூச்சு முட்டும்" என்கிறான் ரோமுலோ. இங்கே முட்டுவதைவிடவா என்று வாய்வரை வந்தது. நல்ல பிள்ளை, பாவம்.

ஜன்னலுக்கு நீலம் எதற்கு? பச்சை அல்லவா இருந்தது? நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஸெனைதா

*

சுரபம்பா,
20 ஜூலை 1994

பிரியமுள்ள ஸெனைதாவுக்கு,

உன் முழங்கால் சுகமானது கேட்டு மிகுந்த சந்தோஷம். நான் நலம். சமையலுக்கு மோத்தே சோளமும் பாலாடைக்கட்டியும் போதுமானது இருக்கிறது.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நான் எழுதியது ஒரு சந்தேகம் மட்டுமே, அனுமதி அல்ல. அதைத் தெளிவாக எழுதாதது என் பிழை. ஆகவே டின்களைத் தூக்கிக்கொண்டு லாஸாரோவின் பைன் தோப்புக்குப் போனேன். அவன் நட்ட மரம் வீட்டு உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. அவனும் கூடவே வந்து நின்றான்.

"என்ன ஐயா, மண்ணுக்குக் காய்ச்சலா? நாடி பாக்குறீங்க?"

"உன் ஊத்து எப்போ நின்னுது, லாஸாரோ?"

"அதுவா? ரோடு போட்டானுங்கல்ல, அந்த வெடிச் சத்தத்துல பயந்து ஓடிப்போச்சு. மிச்சம் இருந்தது நிலநடுக்கத்துல போச்சு. என் மூஞ்சியைப் பாத்துத்தான் போச்சுன்னு வீட்டுக்காரி சொல்றா."

"மரம் நட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவன் வெகுநேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். "பின்னாடிதான். ஆனா மரம் தண்ணியைக் கூப்பிடும்னுதானே அப்போ நட வெச்ச இன்ஜினியர் சொன்னாரு?" என்றான்.

காய்ந்த ஊசியிலைகளை விலக்கினேன். மெத்தைபோல் கனமாகக் கிடந்தன. அடியில் அதே கறுப்பு மண்தான். ஆனால் அரைத்த காப்பித்தூள்போல் உதிர்ந்தது. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது உள்ளே போகவில்லை. மணிபோல் உருண்டு நின்றது. ஒரு கட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். மிதக்கிறது. இதை எழுதும்போதும் மேஜைமேல் மிதந்துகொண்டிருக்கிறது. நம் மேல்சரிவு மண்ணுக்கு இந்தக் குணம் உண்டு: ஈரமாகவே இருந்து பழகியது. ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், பிறகு தண்ணீரிலேயே கிடந்தாலும் முன்போல் எடுத்துக்கொள்ளாது.

ஆனால் நான் பார்த்தது ஒரே ஒரு தோப்பு. அந்த நிலம் முன்பே வறண்டதாக இருந்திருக்கலாம். ரோடும் ஒரு காரணமாக இருக்கலாம். இன்னும் யோசிக்க வேண்டும்.

நீலம் பிடிக்காவிட்டால் பச்சையே பூசிவிடலாம்.

அமாதோர்

*

சுரபம்பா,
16 ஆகஸ்ட் 1994

பிரியமுள்ள ஸெனைதாவுக்கு,

உன் பதில் வருமுன் மறுபடி எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம் மட்டும் சரியில்லை.

நடாதே.

முந்தின கடிதத்தில் அந்தத் தோப்பு முன்பே வறண்டிருக்கலாம் என்று எழுதினேன். அது எனக்கே நம்பிக்கையில்லாத வாக்கியம். லாஸாரோவின் தோப்பு இருக்கிற இடத்தில் நாம் சின்னப்பிள்ளைகளாக முழங்கால்வரை சேற்றில் புதைந்திருக்கிறோம். உன் ஒற்றைச் செருப்பு இன்னும் அங்கேதான் எங்கோ இருக்கிறது. மேல்சரிவில் பைன் வைத்தால், மரம் வளர வளர அந்த மண் காயும், கீழே ஊற்று மெலியும், பிறகு நிற்கும். என் வீட்டுக்கு மட்டுமல்ல. லாஸாரோவுக்கும், அவனுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கும். மரத்தை வெட்டிவிட்டாலும் மண் திரும்பாது.

இதை ஜூனிலேயே சொல்லியிருக்கலாம். இழுத்துக்கொண்டு போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அது மண்ணைப் பற்றியது அல்ல. விட்டுவிடு.

முடிவு உன்னுடையது. நிலம் உன்னுடையது. நீ எது செய்தாலும் எனக்கு வருத்தமில்லை.

காலுறைகளை வீணாக்காதே, ஏ.சி. போட்ட ஆஸ்பத்திரிக்குப் போகும்போது உதவும்.

அமாதோர்

*

சுரபம்பா,
9 அக்டோபர் 1994

பிரியமுள்ள ஸெனைதாவுக்கு,

உன்னிடமிருந்து வரி ஒன்றும் வரவில்லை. பால் லாரிக்காரர் என்னைத் தூரத்தில் கண்டாலே தலையை ஆட்டிவிடுகிறார். எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணிக்கொள்கிறேன். ரோமுலோவுக்கு என்மேல் கோபம் இருந்தால் அதுவும் நியாயமே.

மழை பெய்து வெகுகாலம் ஆகிறது. கீழ் ஊர்களில் மாடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறதாம். நம் ஊற்று மெல்லிசாகத்தான், ஆனால் நிற்காமல் வருகிறது. மேலே போய்ப் பார்த்தேன். புல்லுக்கடியில் மண் இன்னும் ஈரம். எங்கிருந்து கொடுக்கிறது என்று வியப்பாக இருக்கிறது.

அந்த மண்கட்டியை இன்னும் கிண்ணத்தில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் கொஞ்சம் ஈரம் ஏறிக் கறுத்திருப்பதுபோல் தெரிகிறது. அல்லது என் கண். நிச்சயமில்லை.

லாஸாரோ ஒரு வாரமாக வரவில்லை. அவன் மனைவிக்குக் காய்ச்சல், கழுதையைப் பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டிவருகிறார், அவருக்குக் காது கேட்காது. நேற்று ஞாயிற்றுக்கிழமைபோல் இருந்தது. பிறகுதான் இன்று ஞாயிறு என்று தெரிந்தது.

வேறு விசேஷம் இல்லை.

அமாதோர்

*

குவாயாகில்,
6 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சுகம். எழுதாமல் இருந்ததற்கு உடம்பு காரணம் இல்லை. உட்கார்ந்து எழுத இடம் கிடைக்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. ஆகஸ்ட் கடைசியில் பெனாவிதெஸ் பேனாவோடு வந்தார். உன் கடிதத்தைக் காட்டினேன். "உங்க அண்ணன் யாரும்மா?" என்று கேட்டார். "மண் ஆபீஸ்ல படத்துக்குக் கலர் அடிச்சவர்" என்றேன். "கலர் அடிக்கிறவர் சொல்றதைக் கேட்டா காடு வளருமா?" என்றார். "காடு வளராட்டியும் பரவாயில்லை தம்பி, எங்கண்ணன் 'நடாதே'ன்னு ஒத்த வார்த்தை எழுதியிருக்காரு. அவர் வாழ்க்கையில அப்படி எழுதினதே இல்ல" என்றேன். போய்விட்டார்.

ரோமுலோ என்னோடு கொஞ்சநாள் பேசவில்லை. இப்போது பேசுகிறான். மச்சாலா போகும் வழியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. சுத்தமான இடம், தோட்டம் உண்டு, ஒரு படுக்கை காலியாகியிருக்கிறது. டிசம்பர் முதல் தேதி என்னைக் கொண்டுபோய் விடுகிறார்கள். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, அண்ணா. நானே சரி என்றேன். வேறு யாரும் வேறு எதுவும் சொல்லவில்லை.

தண்ணீரைப் பற்றி நீ எவ்வளவு அழகாக எழுதியிருந்தாய். எல்லாக் கடிதத்தையும் மறுபடி படித்துப் பார்த்தேன். எங்கேயாவது ஒரு வரி விட்டுப் படித்துவிட்டேனோ என்று. இல்லை.

கம்பளிக் காலுறைகளை உனக்கே பார்சலில் அனுப்புகிறேன். உன் கால் எப்போதும் ஐஸ்போல் இருக்கும்.

உன் தங்கை,
ஸெனைதா

*

தந்தி
குவெங்கா, 14 நவம்பர் 1994

வா. தண்ணீர் இருக்கிறது. அமாதோர்.

*

குவாயாகில்,
16 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணா,

மலையிறங்கிக் குவெங்கா தபால் ஆபீஸ் வரைக்கும் இருமலோடு போயிருக்கிறாய். இப்போது எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், வந்து பார்க்கிறேன்.

தந்தியை ஜாக்கெலின்தான் வாங்கினாள். சத்தமாகப் படித்தாள். "என்ன அத்தை, உங்கண்ணன் வீட்டுக்குக் குழாய் வந்துடுச்சா?"

"ஆமாம்மா, ரொம்ப வருஷம் கழிச்சு" என்றேன்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வீட்டில் அங்கேதான் கதவு சாத்த முடியும்.

கன்னியாஸ்திரீகளுக்கு ரோமுலோ போன் செய்துவிட்டான். அடுத்த வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். காலுறைகளை நல்லவேளை இன்னும் பார்சல் கட்டவில்லை. ரோடு பிரியும் இடத்துக்கு நீ வரவேண்டாம். லாஸாரோவின் கழுதையை அனுப்பு. என் பெட்டியை அது தூக்கட்டும், நான் நடந்துகொள்கிறேன். சொன்னாலும் நீ வந்து நிற்பாய், பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே.

வந்தபிறகு நாம் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியவில்லை. கடிதத்திலேயே நமக்கு இவ்வளவு நாள் பிடித்தது. பரவாயில்லை. அந்தக் கட்டியை எறிந்துவிடாதே, ஓரம் கறுத்திருக்கிறதா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்; என் கண் உன் கண்ணைவிட நல்ல கண்.

ஜன்னல் நீலமாகவே இருக்கட்டும். கம்பளிகளை மறுபடி துவைத்துவிடாதே. அவை மார்ச் மாதத்திலிருந்து காய்ந்துகொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும்.

ஸெனைதா